நீளமான ஆங்கிலச் சொல்லை எங்கே வெட்டுவது? மருந்துப் பெயர்களில் நாக்கு சிக்குகிறது

மலைநாட்டுப்பிள்ளை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் ஹட்டன் பக்கம். ஏ.எல் வரை தமிழ் மொழிமூலம்தான் படித்தேன். இப்போது வெள்ளவத்தையில், காலி வீதியில் உள்ள ஒரு பார்மசியில் வேலை. பெட்டியில் இருக்கும் பெயரை வாசித்து மருந்து எடுத்துக் கொடுப்பதில் பிரச்சினை இல்லை. டொக்டர்மாரின் கையெழுத்துகூடப் பழகிவிட்டது. போனில் சொல்வதுதான் கஷ்டம். மொத்த விற்பனைக்காரருக்கு ஓர்டர் கொடுக்கும்போது நான் ‘அட்டோர்வஸ்டாட்டின்’ என்கிறேன், அந்தப் பக்கம் “என்னது? என்னது?” என்கிறார்கள். கடைசியில் ஏ, டி, ஓ என்று எழுத்தெழுத்தாகச் சொல்ல வேண்டி வருகிறது. ‘ஹைட்ரோகுளோரோதயசைட்’ என்றால் கேட்கவே வேண்டாம், எழுத்தைச் சொல்லி முடிப்பதற்குள் கவுண்டரில் ஆட்கள் சேர்ந்துவிடுவார்கள். என்னோடு வேலை செய்பவள் இன்டர்நெஷனல் ஸ்கூலில் படித்தவள். ஒரே மூச்சில் சொல்லிவிடுவாள். எப்படி என்று கேட்டால் “சும்மா சொல்லு” என்கிறாள்.

யூடியூபில் தேடினேன். ஒருவர் சிலபல் சிலபலாகப் பிரித்துக் கைதட்டி எண்ணச் சொல்கிறார். இன்னொருவர் அதெல்லாம் வேண்டாம், ஸ்ட்ரெஸ், அதாவது அழுத்தம், எங்கே என்று பார் என்கிறார். மூன்றாமவர் வேர், முன்னொட்டு, பின்னொட்டு என்று வேறு மாதிரி வெட்டுகிறார். ஒமெப்ரஸோலை ஒருவர் ‘ஒ-மெப்-ர-ஸோல்’ என்று உடைக்கிறார், மற்றவர் ‘ஒமெ-ப்ரஸோல்’ என்கிறார். யார் சொல்வது சரி?

மருந்து மட்டுமில்லை. வயிற்று வலிக்கு எந்த டொக்டரைப் பார்ப்பது என்று வாடிக்கையாளர் கேட்டால், ‘காஸ்ட்ரோஎன்டரோலஜிஸ்ட்’ என்று சொல்ல வெட்கப்பட்டு “வயிற்று டொக்டர்” என்றுதான் சொல்கிறேன். பாடசாலையில் பகுபதமும் அசையும் படித்தது இதற்கு ஏதாவது உதவுமா?

---

ஒப்புநோக்கி எழுதியது:

பிள்ளை, மூன்று பேரும் சரியாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் ஒவ்வொருவரும் வேறு வேறு வேலைக்காக வெட்டுகிறார்கள், எதற்காக என்று சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

நான் இருப்பது கொட்டாஞ்சேனை. ஒரு பத்திரிகை அலுவலகத்தில் ஒப்புநோக்குநராக இருந்து ஓய்வுபெற்றவன். தமிழ்ப் பக்கம்தான் என் வேலை, ஆள் குறைந்த நாட்களில் ஆங்கிலப் பக்கத்தையும் தள்ளிவிடுவார்கள். பத்திரிகைப் பத்தி ஒடுக்கமானது. வரிக்கு வரி ஏதாவது ஒரு சொல் உடையும். தமிழில் அந்தத் தலைவலி இல்லை. வரி முடியும் இடத்தில் எந்த எழுத்திலும் உடைக்கலாம், கோடுகூடப் போடத் தேவையில்லை. புள்ளி வைத்த மெய் அடுத்த வரியின் தலையில் ஏறாமல் பார்த்துக்கொண்டால் போதும். நம் உயிர்மெய் ஒவ்வொன்றுக்குள்ளும் ஓர் உயிர் உட்கார்ந்திருப்பதால் வந்த வசதி அது. ஆங்கிலத்தில் எந்த எழுத்து ஒலிக்கிறது, எது சும்மா நிற்கிறது என்று காதால் கேட்டுத்தான் வெட்ட வேண்டும். ‘தெரபிஸ்ட்’ என்ற சொல்லை முதல் மூன்று எழுத்தோடு உடைத்துப் பாருங்கள். சிகிச்சை செய்பவர் பாலியல் குற்றவாளி ஆகிவிடுவார். இப்படி அச்சேறிய பக்கங்கள் உலகெங்கும் உண்டு.

அதிலும் இரண்டு கட்சி. அறிவைக் குறிக்கும் ‘நொலெஜ்’ என்ற சொல்லைப் பிரிட்டிஷ்காரர் ‘நோ’ என்ற வேர் முடியும் இடத்தில் உடைப்பார்கள். அமெரிக்கர்கள் இன்னோர் எழுத்தையும் சேர்த்துக்கொண்டு ‘நொல்’ என்று ஒலிக்கும் இடத்தில் உடைப்பார்கள். ‘டெமொக்ரசி’யும் அப்படித்தான். பிரிட்டிஷ்காரருக்கு ‘டெமொ’ முடிந்ததும் வெட்டு, அமெரிக்கர்களுக்கு ‘டெமொக்’ முடிந்ததும் வெட்டு. இரண்டு அகராதியையும் ஒரே மேசையில் வைத்தால் அன்றைக்கு வேலை ஓடாது. கண்ணுக்குப் பிரிட்டிஷ் வெட்டு நல்லது, சொல்லின் பிறப்பு தெரியும். வாயால் சொல்வதற்கு அமெரிக்க வெட்டு நல்லது. உங்கள் ஒமெப்ரஸோல் சண்டையும் இதே சண்டைதான்: ‘ஒ-மெப்-ர-ஸோல்’ வாய்க்கு, ‘ஒமெ-ப்ரஸோல்’ பொருளுக்கு.

முதலில் சிலபல். தமிழில் அதை அசை என்கிறோம், ஆனால் யாப்பில் படித்த நேர் நிரையைத் தயவுசெய்து இங்கே கொண்டுவர வேண்டாம். ‘மருந்து’ நமக்கு நிரை, நேர், அதாவது புளிமா. இரண்டே அசை. இவர்கள் கணக்கில் அது ம-ருந்-து, மூன்று. ஓர் உயிர் ஒலித்தால் ஓர் அசை, அவ்வளவுதான் இவர்களின் விதி. எழுத்தை எண்ணக் கூடாது, ஒலியை எண்ண வேண்டும். ‘வெஜிடபிள்’ எழுத்தில் நீளமாக இருந்தாலும் பேச்சில் வெஜ்-ட-பிள். ‘மெடிசின்’ என்பதைப் பல ஆங்கிலேயர் இரண்டே அசையில் ‘மெட்-ஸின்’ என்று முடித்துவிடுவார்கள். நாமோ எதிர்ப்பக்கம் போகிறோம். மெய்கள் நெருங்கி வந்தால் இடையில் ஓர் உயிரைச் செருகிவிடுவோம். ஒரே அசையான ‘ஃபில்ம்’ நம் வாயில் ‘பிலிம்’ ஆகி இரண்டாகும். ‘ஸ்கூல்’ முன்னால் ஓர் இகரம் வாங்கி ‘இஸ்கூல்’ ஆகும். நீளமான மருந்துப் பெயரில் இப்படி இரண்டு மூன்று உயிர் கூடினால், கேட்பவருக்கு அது வேறு மருந்துதான்.

அடுத்தது அழுத்தம். ஆங்கிலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட அசை உள்ள சொல்லில் ஓர் அசை எழுந்து நிற்கும், மற்றவை பணியும். எழுந்து நிற்கும் அசைக்கு முன்னால் அகராதியில் ஒரு சின்ன நிமிர்கோடு இருக்கும், பார்த்திருப்பீர்கள். கோட்டுக்குப் பின்னால் வருவதுதான் அழுத்தமான அசை. பலர் முன்னால் இருப்பதை அழுத்திவிடுகிறார்கள். நானும் அதே கோட்டைப் போட்டுக் காட்டுகிறேன்:

ˈஃபோ-ட-க்ராஃப்
ஃப-ˈடொக்-ர-ஃபி
ஃபோ-ட-ˈக்ரா-ஃபிக்

படம், படக்கலை, படம் சார்ந்த. ஒரே வேர்தான், அழுத்தம் மூன்று இடத்துக்கு நகர்கிறது. அழுத்தம் போன இடத்தில் உயிர் தெளிவாகக் கேட்கும், அது விட்டுப்போன இடத்தில் உயிர் தேய்ந்துவிடும். ‘ஃபோ’ என்ற நெடில் இரண்டாவது சொல்லில் வெறும் ‘ஃப’ ஆனதைக் கவனியுங்கள். இந்தத் தேய்வு நமக்குப் புதிதில்லை. நாடு, பந்து, பாக்கு என்பவற்றின் கடைசி உகரம் ஒரு மாத்திரையில் பாதியாகக் குறுகுவதைக் குற்றியலுகரம் என்று படித்தோமே. ஆங்கிலத்தில் எல்லா உயிருக்கும் அந்தக் கதி வரும், சொல்லின் எந்த மூலையிலும் வரும். தமிழில் எழுதிப் பழகியவர்கள் எழுதியதை எல்லாம் முழு மாத்திரையில் ஒலிப்பதால்தான் நம் ஆங்கிலம் அவர்களுக்குப் பட்டியல் வாசிப்பது போல் கேட்கிறது.

அழுத்தம் எங்கே விழும் என்று கண்டுபிடிக்க வாலைப் பாருங்கள், தலையைப் பார்க்க வேண்டாம். சில வால்கள் தமக்கு நேர் முன்னால் உள்ள அசைக்கு அழுத்தத்தை இழுத்துவரும். ‘இக்’, ‘ஷன்’, ‘இட்டி’, ‘லஜி’, ‘க்ரஃபி’ எல்லாம் இந்தக் கூட்டம். இ-ˈலெக்-ட்ரிக் என்று சொன்ன அதே வாய், ‘இட்டி’ சேர்ந்ததும் இ-லெக்-ˈட்ரி-ஸி-டி என்று சொல்ல வேண்டும். சில வால்கள் அழுத்தத்தைத் தாமே எடுத்துக்கொள்ளும்: என்-ஜி-ˈனியர், ரெ-ஃபியு-ˈஜீ, ஜ-ப-ˈனீஸ். இன்னும் சில, ‘மென்ட்’, ‘நெஸ்’, ‘ஃபுல்’, ‘லி’ போன்றவை, வந்து ஒட்டிக்கொண்டு பேசாமல் இருக்கும். டி-ˈவெ-லப் எப்படியோ டி-ˈவெ-லப்-மென்ட் அப்படியே. (நம்மில் பலர் இதை முதல் அசையில் அழுத்துகிறோம். கொழும்பில் அது ஒரு குற்றமாக யாருக்கும் தெரியாது.) விதியை மீறும் சொற்களும் உண்டு. ‘பொலிடிக்ஸ்’, ‘கத்தோலிக்’, ‘அரபிக்’ மூன்றும் ‘இக்’ வாலை வைத்துக்கொண்டே முதல் அசையில் அழுத்தம் வாங்குகின்றன.

மூன்றாவது, பொருள் வெட்டு. இங்கேதான் உங்கள் பகுபதம் கைகொடுக்கும். ‘நடந்தனன்’ என்பதை நட, த், ந், த், அன், அன் என்று பிரித்தோம். பகுதி, சந்தி, விகாரம், இடைநிலை, சாரியை, விகுதி. அதைச் செய்த பிள்ளைக்கு ஆங்கிலச் சொல் ஒன்றும் பெரிய காரியமில்லை. அங்கேயும் விகாரம் உண்டு. இல்லை என்று பொருள் தரும் ‘இன்’, ‘பொசிபிள்’ முன்னால் போனால் ‘இம்’ ஆகும், ‘லீகல்’ முன்னால் ‘இல்’ ஆகும், ‘ரெகுலர்’ முன்னால் ‘இர்’ ஆகும். புணர்ச்சி விதி என்று அவர்கள் சொல்வதில்லை, ஆனால் நடப்பது அதுதான்.

இப்போது உங்கள் வயிற்று டொக்டர். பொருளால் வெட்டினால் காஸ்ட்ரோ என்பது வயிறு, என்டரோ குடல், லஜிஸ்ட் அதைக் கற்றவர். மூன்று துண்டு. வாயால் வெட்டினால் காஸ்-ட்ரோ-என்-ட-ˈரொ-ல-ஜிஸ்ட், ஏழு அசை, அழுத்தம் ‘ரொ’வில், ஏனென்றால் ‘லஜி’ வால் முன்னால் நிற்பதை இழுக்கிறது. அந்த ‘ரொ’வைப் பாருங்கள். அதன் ரகரம் குடலுக்குச் சொந்தம், ஒகரம் இரண்டு துண்டையும் ஒட்டவைக்க வந்தது. அழுத்தம் விழுவது துண்டுகள் ஒட்டிய தையலில்! பொருள் தெரிந்தவர் துண்டு துண்டாகச் சொல்லப் போய் அழுத்தத்தைத் தவறவிடுவது இதனால்தான். ‘ஹெலிகொப்டர்’ இன்னும் நல்ல உதாரணம். எல்லோரும் ஹெலி, கொப்டர் என்று நினைக்கிறோம். உண்மையில் கிரேக்கத்தில் ‘ஹெலிகொ’ சுருள், ‘ப்டெர்’ இறகு. தப்பான இடத்தில் வெட்டிய ‘ஹெலி’யை வைத்து ‘ஹெலிபேட்’ என்று புதுச் சொல்லே கட்டிவிட்டார்கள், யாரும் கோபிக்கவில்லை.

ஹைட்ரோகுளோரோதயசைட் உண்மையில் நல்ல பிள்ளை. வாய் வெட்டும் பொருள் வெட்டும் பெரும்பாலும் ஒன்றாகவே போகும்: ஹைட்-ரோ-குளோ-ரோ-ˈதை-அ-ஸைட். ஏ.எல் இரசாயனவியல் படித்திருந்தால் ஐதரசன், குளோரீன், பிறகு ‘தை’யில் கந்தகம், ‘அஸ்’ஸில் நைதரசன். நான்கு மூலகத்தை வரிசையாகச் சொல்கிறோம் என்று நினைத்துக்கொண்டு ‘தை’யில் மட்டும் குரலை உயர்த்துங்கள்.

கைதட்டுபவர்கள் கட்டாயம் காட்டும் 45 எழுத்துச் சொல் ஒன்று உண்டு, ‘நிமோனோ’ என்று தொடங்கி ‘கோனியோசிஸ்’ என்று முடியும் நுரையீரல் நோய். அதில் நேரத்தை விடாதீர்கள். 1935இல் அமெரிக்கப் புதிர் விளையாட்டுக்காரர் சங்கத்தின் தலைவர் நீளத்துக்காகவே கட்டிய சொல் அது. வைத்தியர்கள் ‘சிலிகோசிஸ்’ என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

---

நைட்ஷிப்ட் எழுதியது:

ஒப்புநோக்கி ஐயா சொன்னதில் ஒன்றுக்கு மட்டும் எதிர்ப்பு. நான் கோல் சென்டரில் வேலை, இரவு முழுக்க லண்டன்காரர்களோடு கதைக்கிறேன். உயிரைத் தேய்க்கப் பழகுவது பெரிய வேலை, கேள்வி கேட்ட அக்காவுக்கு அது தேவையே இல்லை. கொழும்பு ஆங்கிலத்தில் யாரும் அப்படித் தேய்ப்பதில்லை. அவர் போனில் கதைப்பது கொழும்பு ஆட்களோடு. நாங்கள் ‘ஃபோ’வை முழுதாகவே சொன்னாலும் அழுத்தம் சரியான அசையில் விழுந்தால் லண்டனில்கூட விளங்கிவிடுகிறது. தேய்த்துப் பேசிவிட்டு அழுத்தத்தை மாற்றிப் போட்டால்தான் “சொரி?” என்று கேட்கிறார்கள்.

எனக்கு முதலில் சிக்கியது ‘கெரியர்’. தொழில் வாழ்க்கை என்றால் க-ˈரியர், சாமான் சுமப்பது என்றால் ˈகெ-ரி-யர். என்னுடைய தொழிலைப் பற்றிச் சொன்னால் அவர்கள் ‘எந்தக் கூரியர் கம்பனி?’ என்று கேட்பார்கள். பிறகு ‘ஹொட்டேல்’. நாங்கள் முதல் அசையில் அழுத்துவோம், அவர்களுக்கு ஹோ-ˈடெல்.

பயிற்சிக்கு ஒரு வழி சொல்கிறேன், எங்கள் ட்ரெய்னர் காட்டியது. சொல்லைப் பின்னாலிருந்து கட்டுங்கள். முதலில் ‘டின்’, பிறகு ‘ˈஸ்டா-டின்’, பிறகு ‘வ-ˈஸ்டா-டின்’, ‘டோர்-வ-ˈஸ்டா-டின்’, கடைசியில் ‘அ-டோர்-வ-ˈஸ்டா-டின்’. முன்னாலிருந்து கட்டினால் பாதியில் மூச்சு முட்டி வாலைத்தான் விழுங்குவோம். பின்னாலிருந்து கட்டினால் வால் பழகிய இடமாக இருக்கும். 100 இலக்க பஸ்ஸில் நின்றுகொண்டே முணுமுணுக்கலாம், பக்கத்தில் நிற்பவர் மந்திரம் என்று நினைப்பார்.

---

மருந்தாளர் அக்கா எழுதியது:

தங்கச்சி, நான் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் இருப்பவள். ஐயா சொன்ன பொருள் வெட்டைப் பற்றி நம் தொழில் பக்கத்திலிருந்து கொஞ்சம் சேர்க்கிறேன்.

மருந்தின் பொதுப் பெயர் தானாக வளர்ந்த சொல்லில்லை, திட்டமிட்டுக் கட்டியது. உலக சுகாதார நிறுவனம் 1950இல் தீர்மானம் எடுத்து 1953இலிருந்து இதற்கான பட்டியலை வெளியிடுகிறது. ஒரே வகையாக வேலை செய்யும் மருந்துகளுக்கு ஒரே வால் கொடுப்பது அதன் முறை. ‘சார்டன்’ என்று முடிந்தால் இரத்த அழுத்தத்துக்கு: லொ-ˈசார்-டன், வல்-ˈசார்-டன், டெல்-மி-ˈசார்-டன். ‘ஒலொல்’ என்றால் இதயத் துடிப்பைத் தணிக்கும் பீட்டா தடுப்பி: அ-ˈடென்-அ-லொல், ப்ரொ-ˈப்ரன்-அ-லொல். ‘சிலின்’ பெனிசிலின் குடும்பம்: அ-மொக்-ஸி-ˈசி-லின், க்ளொக்-ஸ-ˈசி-லின். ‘வஸ்டாட்டின்’ கொலஸ்ட்ரோலுக்கு. கவனித்தீர்களா, குடும்பம் முழுக்க அழுத்தமும் ஒரே இடத்தில். ஒன்றைச் சரியாகச் சொல்லப் பழகினால் கூடப்பிறந்த எல்லாம் கூடவே வந்துவிடும். ‘ப்ரஸோல்’ குடும்பத்தில் அழுத்தம் வாலின் முதல் மெய்யையும் சேர்த்துக் கவ்விக்கொள்ளும்: ஒ-ˈமெப்-ர-ஸோல், பன்-ˈடொப்-ர-ஸோல், ர-ˈபெப்-ர-ஸோல். நீங்கள் பார்த்த இரண்டு வெட்டும் முரண்படக் காரணம் அந்தப் ‘ப்’தான்.

வாலைக் குறைத்து வாசித்தால் ஆபத்து. வெறும் ‘அஸோல்’ எதையும் சொல்லாது. ‘ப்ரஸோல்’ வயிற்று அமிலத்துக்கு, ‘கொனஸோல்’ பூஞ்சணத்துக்கு, ‘பென்டஸோல்’ பூச்சிக்கு. அரிபிப்ரஸோல் என்ற பெயர் வயிற்று மருந்து மாதிரித் தெரியும், ஆனால் அதன் வால் ‘பிப்ரஸோல்’, மனநல மருந்து. நிஸ்டட்டின் இன்னொரு கண்ணி. கொலஸ்ட்ரோலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, வாய்ப் பூஞ்சணத்துக்குக் கொடுப்பது. அதைக் கண்டுபிடித்த இரண்டு பெண் விஞ்ஞானிகளும் நியூயோர்க் மாநிலச் சுகாதாரத் திணைக்களத்தின் ஆய்வுகூடங்களில் வேலை செய்ததால், நியூயோர்க் ஸ்டேட் என்பதைச் சுருக்கி வைத்த பெயர் அது.

போனில் சொல்லும்போது இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். வால் மருந்தின் குடும்பத்தைத்தான் சொல்லும், எந்த மருந்து என்பதைத் தலை சொல்லும். லொசார்டனும் வல்சார்டனும் பிரிவது முதல் அசையில், அதுவோ அழுத்தம் இல்லாத, இரைச்சலில் தொலைந்துபோகும் அசை. ஆகவே முழுப் பெயரை இயல்பாகச் சொல்லிவிட்டு, தலையை மட்டும் எழுத்தெழுத்தாகச் சொல்லுங்கள். முழுவதையும் எழுத்துக்கூட்ட வேண்டியதில்லை. நடுவில் பிரிபவையும் உண்டு: ஹைட்ரலஸீன் இரத்த அழுத்தத்துக்கு, ஹைட்ரொக்ஸிஸீன் ஒவ்வாமை அரிப்புக்கு. தலையும் வாலும் ஒன்று. இப்படிப்பட்ட சோடிகளை லேபலில் அச்சிடும்போது வேறுபடும் நடுப் பகுதியைப் பெரிய எழுத்தில் போடுவார்கள், அதற்கு டோல் மேன் எழுத்து என்று பெயர். வாயால் சொல்லும்போதும் அந்த நடுவையே எழுத்துக்கூட்டுங்கள்.

இந்த நாட்டில் பொதுப் பெயருக்கு இவ்வளவு இடம் கிடைத்ததில் பேராசிரியர் சேனக பிபிலேக்குப் பெரிய பங்கு உண்டு. ஒசுசல மருந்தகங்களை நடத்தும் அரச மருந்துக் கூட்டுத்தாபனம் 1971இல் அமைந்தபோது அதன் முதல் தலைவர் அவர்தான். வணிகப் பெயரை விட்டுப் பொதுப் பெயரில் மருந்து எழுத வேண்டும் என்று நின்றவர். வணிகப் பெயர்கள் வாய்க்கு இலேசாக இருக்கும்படி வைக்கப்படுபவை. பனடோல் என்று சொல்ல யாருக்கும் பயிற்சி தேவையில்லை. பெ-ர-ˈஸீ-ட-மொல் என்று சொல்லத்தான் யோசிக்கிறோம்.

---

மலைநாட்டுப்பிள்ளை எழுதியது:

அக்கா, ஐயா, தம்பி எல்லோருக்கும் மிக்க நன்றி. பின்னாலிருந்து கட்டும் முறையில் இன்று அட்டோர்வஸ்டாட்டினும் ரோசுவஸ்டாட்டினும் வந்துவிட்டன. ஓர்டர் எடுக்கும் பையன் ஒன்றும் கேட்காமல் எழுதிக்கொண்டான்.

ஆனால் பெயர் சரியாகப் போனாலும் எண்ணில் சிக்கல் வருகிறது. 15 என்றால் 50 என்று விளங்கிக்கொள்கிறார்கள், 13 சொன்னால் 30. இதிலும் ஸ்ட்ரெஸ் இருக்கிறதா? இன்டர்நெஷனல் ஸ்கூல் தோழி கடைசி அசையை அழுத்து என்கிறாள். அழுத்தித்தான் சொல்கிறேன்.

---

ஒப்புநோக்கி எழுதியது:

இருக்கிறது, பிள்ளை. தனியாகச் சொன்னால் 15 என்பது ஃபிஃப்-ˈடீன், 50 என்பது ˈஃபிஃப்-டி. தோழி சொன்னது அதுவரை சரி. ஆனால் பின்னால் இன்னொரு சொல் வந்து, அதன் முதல் அசையும் அழுத்தமாக இருந்தால், ஆங்கிலக்காரருக்கு இரண்டு அழுத்தம் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது பிடிக்காது. முன்னையதை இடம் மாற்றிவிடுவார்கள். ‘டெப்லட்’ முதல் அசையில் அழுத்தம் உள்ள சொல். ஆகவே 15 டெப்லட் என்று ஓட்டமாகச் சொல்லும்போது ˈஃபிஃப்-டீன் ˈடெப்-லட் ஆகிவிடும். 50 டெப்லட்டும் ˈஃபிஃப்-டி ˈடெப்-லட். மிஞ்சுவது கடைசியில் உள்ள ஒரு னகரமும் கொஞ்சம் நீளமும்தான். கவுண்டர் சத்தத்தில் அது எங்கே கேட்கப்போகிறது? 13, 14 என்று வரிசையாக எண்ணும்போதும் இப்படித்தான் முன்னால் தாவும். சமர்த்தர் யாரும் இதற்கு விதிவிலக்கில்லை, இங்கிலாந்தில் பிறந்தவர்களுக்கே 15க்கும் 50க்கும் குழப்பம் வருகிறது.

வரி உடைக்கும் வேலையைக் கணினிக்குக் கற்றுக்கொடுத்த கதையும் இதே மாதிரிதான். 1983இல் ஸ்டான்ஃபோர்டில் ஃபிராங்ளின் லியாங் என்பவர் தம் ஆய்வேட்டுக்காக அகராதியிலிருந்து 4,447 எழுத்துக் கோலங்களைத் திரட்டினார். அதை வைத்து அகராதியில் உள்ள வெட்டுகளில் 89 சதவீதம் கிடைத்தது. மிச்சத்தை இயந்திரம் வெட்டாமல் விட்டுவிடும், தப்பாக வெட்டுவதைவிட அது மேல் என்று. சந்தேகமான இடத்தில் நீங்களும் அழுத்தத்தை நம்பி இருக்க வேண்டாம். அக்கா, இதற்கு உங்கள் தொழிலில் வழி இருக்குமே?

---

மருந்தாளர் அக்கா எழுதியது:

இருக்கிறது ஐயா. ‘ஃபிஃப்டீன்’ என்று சொல்லிவிட்டு உடனே ‘வன் ஃபைவ்’ என்று இலக்கம் இலக்கமாகவும் சொல்ல வேண்டும். 50 என்றால் ‘ஃபைவ் ஸீரோ’. மில்லிகிராமுக்கும் அதே மாதிரி. பிறகு எழுதிக்கொண்டவரைத் திருப்பி வாசிக்கச் சொல்ல வேண்டும், தங்கச்சி. “சரி சரி, எழுதிட்டன்” என்றால் விடாதீர்கள். பெயர், அளவு, எத்தனை டெப்லட், மூன்றையும் அவர் வாயால் வாங்கிவிட்டுத்தான் போனை வையுங்கள். டொக்டர் போனில் சொல்லி நீங்கள் எழுதும்போதும் அப்படியே திருப்பி வாசியுங்கள். அப்போது உங்கள் ‘ˈஸ்டா-டின்’னுக்கும் இலவசமாகப் பயிற்சி கிடைக்கும்.